‘மூளை சுருங்கியிருக்கிறது’ என்று ஸ்கேன் அறிக்கை சொன்னால்: எம்.எஸ்., என்.எம்.ஓ. குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எம்.ஆர்.ஐ. படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவன் நான். அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை, தென்காசி என்று பல பக்கங்களிலிருந்தும் வரும், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), என்.எம்.ஓ. (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா) போன்ற நரம்பு நோய்கள் உள்ளவர்களின் குடும்பங்கள், உறையைப் பிரித்து அறிக்கையின் கடைசி வரியைப் படித்த பிறகு கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்களை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவரோடு கலந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.

அறிக்கையில் ‘மைல்டு செரிபிரல் அட்ரஃபி’ என்று இருக்கிறது. மகளுக்கு 27 வயதுதான். மூளை அழிந்துகொண்டிருக்கிறதா?

அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. மூளை லேசாகச் சுருங்கினாற்போல் தெரிகிறது என்பதே அதன் பொருள். பெரும்பாலும் அது கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்பு. மூளையின் நடுவே நீர் நிற்கும் அறைகள் சற்று அகன்றும், மேற்பரப்பு மடிப்புகளின் இடைவெளி சற்றுக் கூடியும் தெரிந்தால் அப்படி எழுதுவோம். சிலருக்கு அந்த அறைகள் இயல்பிலேயே பெரிதாக இருக்கும். தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தாலும், சில நாட்களுக்கு முன் ஸ்டீராய்டு ஏற்றியிருந்தாலும் படம் அப்படித் தோன்றலாம். ஒரே ஒரு படம், மூளை இன்று எந்த அளவில் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். குறைந்திருக்கிறதா என்று அறிய அவருடைய பழைய படம் வேண்டும்.

அதற்காக அந்த வரியைத் தள்ளிவிடவும் கூடாது. எம்.எஸ். நோயில் மூளையின் அளவு முதல் சில ஆண்டுகளிலேயே குறையத் தொடங்குகிறது. 27 வயதில் அது உண்மையாகவே குறைந்து வருகிறது என்றால், இப்போது எடுக்கும் மருந்து போதுமா என்ற பேச்சை அடுத்த வருகையிலேயே தொடங்கிவிட வேண்டும். பழைய படத்தைத் தேடி எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

எம்.எஸ்., என்.எம்.ஓ., மோகாட் மூன்றும் ஒரே நோய்தானா?

மூன்றும் தன்னுடல் தாக்குநோய்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூளையையும் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்குகிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறை சிதைகிறது. ஒரு கண் மங்குவது, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது என்று வெளியே தெரியும் தொல்லைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எம்.எஸ். என்று அழைக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயை 1868ஆம் ஆண்டில் பாரிசில் சார்கோ என்ற மருத்துவர் தெளிவாக வரையறுத்தார். என்.எம்.ஓ. என்னும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா அதன் ஒரு வகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2004இல் அதற்கே உரிய எதிரணு (ஆன்டிபாடி) ஒன்று இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எதிரணு குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற நீர்வழிப் புரதத்தை என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. அந்தப் புரதம் இருப்பது மயலினில் இல்லை, நரம்பணுக்களுக்குத் துணையாக நிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்களில். மோகாட் நோயில் தாக்கப்படுவது மயலின் உறையின் வெளிப்புறத்தில் உள்ள மாக் என்ற புரதம். அதைக் கண்டறிவதற்கான பன்னாட்டு வரையறை 2023இல்தான் வெளியானது.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்கும் விவரம் இல்லை. எம்.எஸ். நோய்க்குப் பயன்படும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் ஆகிய மருந்துகள் என்.எம்.ஓ. நோயை மோசமாக்கக்கூடியவை. இந்த வகை நோயாளிகளிடையே என்.எம்.ஓ. உள்ளவர்களின் பங்கு ஐரோப்பாவைவிட நம் நாட்டில் அதிகம். எனவே ‘எம்.எஸ். போலத்தான் இருக்கிறது’ என்ற அளவில் நிற்காமல், அக்வாபோரின்-4, மாக் ஆகிய இரு எதிரணுப் பரிசோதனைகளும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உயிரணுக்களின் மேல் வைத்துச் செய்யும் முறையில் (செல் பேஸ்டு அஸே) சோதித்த முடிவே நம்பத்தக்கது. முடிந்தவரை, இரத்தத்தின் நீர்ப்பகுதியை அகற்றி மாற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும்.

மூளை ஏன் சுருங்குகிறது? மயலின் போவதாலா?

மயலின் போவதும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த உறைக்குள் ஓடும் நரம்பிழைகளே அறுந்துபோவது. எம்.எஸ். நோயில் உறை மட்டுமே கெடுகிறது, இழை தப்பிவிடுகிறது என்று வெகுநாள் பாடம் சொல்லிவந்தார்கள். 1998இல் அமெரிக்காவில் புரூஸ் டிராப் குழுவினர், இறந்த நோயாளிகளின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தபோது, அழற்சி கொதித்துக்கொண்டிருந்த நோய்த் தழும்புகளில் ஒரு கன மில்லிமீட்டருக்குப் 11,000க்கும் மேற்பட்ட அறுந்த இழைகள் இருப்பதைக் கண்டார்கள். நோயற்ற மூளையில் அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை என்னும் அளவுதான். அந்த ஆய்வுக்குப் பிறகு இந்த நோயைப் பற்றிய பார்வையே மாறியது. தொடக்கத்திலேயே மருந்து கொடுக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர்கள் இன்று வற்புறுத்துவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இழை அறுந்தால் அதன் இரு முனைகளும் மெல்லத் தேய்ந்து, அது சென்று சேரும் தொலைவான பகுதியும் மெலிகிறது. மூளையின் நடுவில், எல்லாத் திசையிலிருந்தும் வரும் இழைகள் கூடும் தலாமஸ் மற்ற பகுதிகளுக்கு முன்பே சுருங்கத் தொடங்குவது இதனால்தான். மூளையின் மேற்பரப்பில் உள்ள சாம்பல்நிற அடுக்கும் மெலிகிறது. இழந்த இடத்தை மூளைநீர் நிரப்பிக்கொள்கிறது. அதைத்தான் நாங்கள் படத்தில் அகன்ற அறைகளாகப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. புதிய தாக்குதல் எதுவும் வராத காலத்திலும் சில பழைய தழும்புகளின் ஓரத்தில் அழற்சியின் கனல் அணையாமல் இருக்கும். ‘இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை, மருந்தை நிறுத்தலாமே’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆண்டுக்கு எவ்வளவு குறைவது இயல்பு?

நோய் இல்லாதவருக்கும் வயது ஏற ஏற மூளை குறையும். நடுவயது வரை அது ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 முதல் 0.3 சதவீதம்; முதுமையில் கூடும். சிகிச்சை பெறாத எம்.எஸ். நோயாளிகளிடம் 0.5 முதல் 1.35 சதவீதம் வரை ஆய்வுகளில் அளக்கப்பட்டிருக்கிறது. 0.4 சதவீதத்தைத் தாண்டினால் அது நோயின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஓர் எல்லைக்கோடு முன்வைக்கப்பட்டுள்ளது.

வளர்ந்தவர்களின் மூளை சுமார் 1,200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.4 சதவீதம் என்பது ஒரு தேக்கரண்டி அளவு. நாங்கள் அளக்கும் முறையிலேயே அரைத் தேக்கரண்டி வரை பிழை வரலாம். ஒருவருடைய ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ கூடாது என்று சொல்வது இதனால்தான். மருந்து ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியை எடுப்பதால் அங்கே பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சராசரி கிடையாது. அவருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளின் போக்கு வேண்டும்.

அப்படியானால் எங்கள் அறிக்கையில் ஏன் எண்ணே இல்லை?

வழக்கமான ஸ்கேனில் அளவு கணக்கிடுவதில்லை. அதற்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில், இடைவெளி இல்லாமல், முப்பரிமாணமாக எடுத்த படம் வேண்டும். பிறகு அதைத் தனி மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சியனா, ஃப்ரீசர்ஃபர் போன்றவை அத்தகையவை. இவை தரும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஒரு மென்பொருளின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது.

எண் இல்லை என்பதற்காக ஏமாற்றம் அடைய வேண்டாம். அந்த முப்பரிமாணப் படத்தை மட்டும் இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்கள்தான் கூடும். மூன்று ஆண்டு கழித்து யாராவது அளக்க நினைத்தால் அது கையில் இருக்கும்.

திசையன்விளையிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று மனைவி காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் ஸ்கேனில் ஏதாவது மாறுமா?

மாறும். இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும்.

மூளையின் பெரும்பகுதி நீர். பல மணி நேரம் தண்ணீர் குடிக்காதவர்களின் மூளை, அளவில் அரை சதவீதம் வரை குறைந்து தெரிவதும், நீர் குடித்ததும் பழையபடி ஆவதும் ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. அரை சதவீதம் என்பது எம்.எஸ். நோயின் ஓராண்டு இழப்புக்குச் சமம். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்து ஒரு படமும், ஐப்பசி மழையில் வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்து இன்னொரு படமும் எடுத்தால், அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் நோய் எது, தாகம் எது என்று பிரிக்க வழியில்லை.

இந்த நோயே சிறுநீர் அவசரத்தைக் கொண்டுவருகிறது. பஸ் நிலையக் கழிப்பறைகளின் நிலையோ எல்லோருக்கும் தெரியும். பெண்கள் முதல் நாள் இரவிலிருந்தே நீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்யக்கூடியது இவ்வளவுதான்: முதல் நாள் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். பயணத்தில் அளவாகக் குடியுங்கள். ஸ்கேன் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து சேர்ந்து, இங்கே வந்தபின் ஒன்றிரண்டு தம்ளர் குடித்துவிட்டு, உள்ளே போகுமுன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். உள்ளே அரை மணி முதல் முக்கால் மணி வரை அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால் மட்டும் விதி வேறு. அப்போது எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று ஸ்கேன் அறையில் கேட்டு அப்படியே நடந்துகொள்ளுங்கள். சிறுநீர் அவசரத்துக்கு மாத்திரைகள் உண்டு என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். பலர் வெட்கப்பட்டுக் கேட்பதே இல்லை.

நேரமும் சற்றே முக்கியம். மூளை காலையில் மிகச் சிறிதளவு பெரிதாகவும் மாலைக்குள் சற்றுக் குறைந்தும் அளக்கப்படுகிறது. போன முறை காலை என்றால் இந்த முறையும் காலையிலேயே வாருங்கள். மேலப்பாளையத்திலிருந்து நோன்பு நாளில் தேதி கிடைத்தவர்கள், அவசரம் இல்லை என்றால் பெருநாளுக்குப் பிறகு மாற்றிக் கேட்கலாம்.

மருந்து தொடங்கி ஓராண்டில் மூளை முன்பைவிட வேகமாகக் குறைந்திருக்கிறது என்கிறார்கள். மருந்துதான் மூளையைச் சுருக்குகிறதா? நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இந்த ஒரு தவறான முடிவால் கெட்டுப்போன உடல்நிலைகளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அழற்சி இருக்கும் இடத்தில் வீக்கமும் இருக்கும். வீங்கிய மூளை படத்தில் பெரிதாகத் தெரியும். அது நல்ல அளவு இல்லை. வலுவான மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அழற்சி தணிகிறது, நீர் வடிகிறது, அளவு குறைகிறது. நரம்பணு சாகாமலேயே ஏற்படும் இந்தக் குறைவை ‘பொய்ச் சுருக்கம்’ என்று சொல்லலாம். முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இது அதிகம் தெரியும். நடாலிசுமாப், இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகளில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. தாக்குதலின்போது மூன்று முதல் ஐந்து நாள் ஒரு கிராம் வீதம் மெத்தில்பிரெட்னிசலோன் ஏற்றிய பிறகும் சில வாரங்களுக்கு இதே தோற்றம் உண்டாகும்.

ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த படத்தை அளவுக்கான தொடக்கப் புள்ளியாக வைக்காமல், தொடங்கி ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் எடுத்த படத்தை அப்படி வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டாம் ஆண்டில் அளவு எப்படிப் போகிறது என்பதே மருந்தின் தரத்தைச் சொல்லும். மருந்தைத் திடீரென நிறுத்தினால், அதிலும் நடாலிசுமாப், ஃபிங்கோலிமாட் போன்றவற்றை நிறுத்தினால், நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரக்கூடும்.

என்.எம்.ஓ. நோயிலும் மூளை இதே வேகத்தில் குறையுமா?

பெரும்பாலும் இல்லை. எம்.எஸ். நோயில் தாக்குதல்களுக்கு நடுவிலும் ஓசையில்லாமல் இழப்பு நடக்கிறது. என்.எம்.ஓ. நோயில் சேதம் பெரும்பாலும் தாக்குதலின்போதே நேர்ந்துவிடுகிறது. தாக்குதல் வராத காலத்தில் மூளையின் மொத்த அளவு ஏறக்குறைய நிலையாக இருக்கும், தலாமஸும் எம்.எஸ். அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. குறைவு தெரியும் இடங்கள் வேறு. பார்வை நரம்பு கெட்டவர்களுக்குப் பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதி மெலியும். முதுகெலும்பின் மூன்று கணுக்கள் அல்லது அதற்கும் மேல் நீண்டு தண்டுவடம் வீங்கியவர்களுக்கு, வீக்கம் வடிந்தபின் அதே இடத்தில் தண்டுவடம் நூலாகிப்போகும். கால் முழுவதும் செயலிழந்த ஒருவரின் மூளைப் படம் இயல்பாகவே இருக்கும்போது ‘மூளையில் ஒன்றும் இல்லையாமே’ என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தண்டுவடப் படத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. என்.எம்.ஓ. குடும்பங்கள் மூளையின் அளவைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறைத்து, அடுத்த தாக்குதல் வராமல் தடுப்பதில் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டும். ரிட்டுக்சிமாப், மைக்கோஃபினோலேட், அசதியோபிரின் ஆகியவை நம் ஊரில் அதிகம் பயன்படுகின்றன. கண் மங்கினாலோ கால் தளர்ந்தாலோ ‘வெள்ளிக்கிழமை கழியட்டும்’ என்று காத்திருக்காமல் அன்றே வர வேண்டும். ஸ்டீராய்டும் பிளாஸ்மா மாற்றும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ அவ்வளவு பார்வையும் நடையும் மிஞ்சும்.

பையனுக்கு எட்டு வயது. மோகாட் என்கிறார்கள். அவன் மூளையும் சுருங்குமா?

குழந்தைகளுக்கு இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும். அவர்களின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எனவே குறைகிறதா என்பதோடு, வயதுக்கு ஏற்ற வளர்ச்சி நடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிறுவயதில் எம்.எஸ். வந்த பிள்ளைகளிடம், எதிர்பார்த்த வளர்ச்சி எட்டப்படாமல் போவது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மூளை முழுவதும் ஒரே நேரத்தில் அழற்சி காணும் ஏடெம் என்ற நிலையில், ஒரே ஒரு தாக்குதலோடு நின்றுபோன பிள்ளைகளிடமும் வளர்ச்சி ஓரளவு பின்தங்குவது பதிவாகியிருக்கிறது.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. மோகாட் நோயில் படத்தில் தெரியும் திட்டுகளில் பெரும்பாலானவை மாதங்கள் செல்லச் செல்ல மறைந்துவிடுகின்றன. எம்.எஸ். திட்டுகள் அப்படி எளிதில் மறைவதில்லை. பையன் நன்றாக நடக்கிறான், ஓடுகிறான் என்றாலும் பள்ளியில் கவனம் நிற்கிறதா, எழுதும் வேகம் குறைந்திருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதிப்பெண் குறைந்தால் ‘சேட்டை’ என்று அடிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூளை சுருங்கினால் மறதி நோய் வந்துவிடுமா?

முதியவர்களுக்கு வரும் மறதி நோயைப் போன்றது இது இல்லை. எம்.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் சிந்தனையின் வேகம் குறைகிறது. சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். இரண்டு வேலைகளை ஒன்றாகப் பார்க்கத் தடுமாறுவார்கள். சந்தைக் கணக்கு முன்போல் மனத்தில் ஓடாது. ஆளை மறப்பதும் வழியை மறப்பதும் அரிது. தலாமஸின் அளவுக்கும் இந்த வேகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இதை அளக்க ஸ்கேன் தேவையில்லை. அடையாளங்களுக்கு உரிய எண்களை 90 வினாடிக்குள் பொருத்திச் சொல்லும் ஓர் எளிய தேர்வு இருக்கிறது. தாளும் பேனாவும் போதும்; வாயால் சொல்லியும் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்து பதிந்து வைப்பது, அறிக்கையில் வரும் ‘மைல்டு’ என்ற சொல்லைவிட எனக்கு அதிகம் சொல்லும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், விரலின் வேகம் தளர்வதை மருத்துவருக்கு முன்பே உணர்ந்துவிடுகிறார்கள். ஒரு நாளில் முடிகிற எண்ணிக்கை குறைந்தால் அதையே தேதி போட்டு எழுதி வாருங்கள். அதுவும் ஓர் அளவுதான்.

வெயிலில் போனால் கண் மங்குகிறது. வெயில் மூளையைச் சுருக்குமா? ஆனித் தேரோட்டத்துக்குப் போகலாமா?

வெயில் மூளையைச் சுருக்காது. ஏற்கெனவே உறை கெட்ட இழைகளில், உடல் சூடேறும்போது செய்தி கடத்துவது தடைபடுகிறது, குளிர்ந்ததும் சரியாகிவிடும். 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்தது இது. காய்ச்சலிலும் இப்படி ஆகும். தேரோட்டத்துக்குப் போகலாம், நெரிசலில் நெடுநேரம் நிற்காதீர்கள், ஈரத் துண்டும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். குற்றாலத்தில் குளிக்கலாம், ஆனால் நடை தள்ளாடுபவர்கள் வழுக்குப் பாறையில் தனியாகக் கால் வைக்க வேண்டாம். தொல்லை ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் வெயில் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இழந்ததைத் திரும்ப வளர்க்க முடியுமா? வல்லாரை, லேகியம் ஏதாவது?

இழந்த நரம்பணுவைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து எதுவும் இன்று இல்லை. வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடிகளையும் லேகியங்களையும் மருத்துவரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம். இங்கே அடங்காமல் நிற்பதே எதிர்ப்பு மண்டலம்தான். சில மருந்துகள் கல்லீரலைச் சோதித்துக்கொண்டே கொடுக்கப்படுபவை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடி அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். வைட்டமின் டி குறைந்திருந்தால் சோதித்துப் பார்த்து, சொன்ன அளவில் எடுங்கள்.

எந்த மருந்து மூளையின் அளவைக் காக்கும்?

பல மருந்துகள் இழப்பின் வேகத்தைக் குறைக்கின்றன, முழுவதுமாக நிறுத்துவதில்லை. 2010இல் வெளியான ஃபிங்கோலிமாட் ஆய்வு ஒன்றில், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் இரண்டு ஆண்டில் 1.3 சதவீதம் இழந்தபோது, மருந்து எடுத்தவர்கள் 0.8 சதவீதம் இழந்தார்கள். ஓக்ரலிசுமாப், நடாலிசுமாப் போன்றவற்றிலும் பலன் காணப்பட்டிருக்கிறது. மருந்தின் பெயரைவிடத் தொடங்கும் காலம் பெரிது. இழந்த பிறகு கொடுக்கும் சிறந்த மருந்து, இழக்கும் முன் கொடுத்த நடுத்தர மருந்துக்கு ஈடாகாது. இந்த மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்யச் சொல்வார்கள். அலைச்சல் என்று தவிர்க்காதீர்கள். நம் ஊரில் அவை மிக அவசியம்.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது?

புகையை விடுவது. எம்.எஸ். நோயாளிகளில் புகைப்பவர்களின் மூளை கூடுதலாகச் சுருங்குகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும். இரண்டும் தம் பங்குக்கு மூளையைக் குறைப்பவை. மதுவும் அப்படியே. உடற்பயிற்சி சோர்வைக் குறைத்து நடையைச் சீராக்கும். காலை வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள்.

இது பரம்பரையாக வருமா? பெண்ணுக்குத் திருமணம் செய்யலாமா?

செய்யலாம். தாய்க்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு, மூன்று என்ற அளவே. என்.எம்.ஓ. குடும்பத்தில் தொடர்வது மிக அரிது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் கல்யாணத்துக்குப் பிறகு மருந்தையும் மறைத்து எடுக்க வேண்டிவரும், பிறகு அது நின்றே போகும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரிடம் பேசுங்கள். டெரிஃப்ளூனமைடு, ஃபிங்கோலிமாட் போன்றவற்றைக் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

தண்டுவடத்தையும் அளப்பார்களா?

அளக்க வேண்டும் என்பது என் எண்ணம். எம்.எஸ். நோயில் கழுத்துத் தண்டுவடத்தின் குறுக்களவு ஆண்டுக்கு ஏறக்குறைய 1.8 சதவீதம் குறைகிறது; மூளையைவிட வேகம். நடை தளர்வதோடு அது நேரடியாகப் பொருந்துகிறது. செலவு கருதி மூளையை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள், ஒரு முறையாவது கழுத்தையும் சேர்த்து எடுங்கள். கண்ணின் விழித்திரை நரம்படுக்கின் கனத்தை அளக்கும் ஓ.சி.டி. சோதனை, ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல் சில நிமிடங்களில் முடிவது; மூளையின் இழப்பையும் அது ஓரளவு பிரதிபலிக்கிறது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்? எதை எடுத்து வர வேண்டும்?

எம்.எஸ். என்றால் மருந்து நிலைபெற்றபின் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சாய ஊசி தேவையில்லை. முடிந்தவரை அதே இடம், அதே இயந்திரம், அதே முறை. 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரத்தில் எடுத்ததை 3 டெஸ்லாவில் எடுத்ததோடு வைத்து அளவைக் கணக்கிட்டால் தப்பான விடை வரும். பிலிமை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, படங்கள் பதிந்த சி.டி. தகட்டைக் கேட்டு வாங்கி, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வீட்டுக் கணினியில் ஒரு பிரதியும் ஏற்றி வையுங்கள். சில ஆண்டில் தகடு படிக்காமல் போவதுண்டு. கடைசியாக ஸ்டீராய்டு ஏற்றிய தேதியையும் மருந்து தொடங்கிய தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். அது இருந்தால் என் அறிக்கையே மாறும்.

மூளைச் சுருக்கம் என்று அறிக்கை இருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா?

அறிக்கைக்காகக் கிடைக்காது, செயலிழப்புக்காகக் கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 நிலைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. என்.எம்.ஓ. நோயாளிகள் பார்வையிலும் நடையிலும் ஏற்பட்ட இழப்பின் அடிப்படையில் கேட்க வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதச் செயலிழப்பு என்று சான்று தேவை. பலர் தாக்குதல் தணிந்து நன்றாக இருக்கும் நாளில் போய், ‘நடக்கிறாரே’ என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். எவ்வளவு தூரம் நடந்தால் கால் தளர்கிறது, எந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை, சிறுநீர் கட்டுப்பாடு எப்படி என்று நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கங்கள், எதிரணுப் பரிசோதனை முடிவு, கண் மருத்துவரின் குறிப்பு, ஆதார் ஆகியவற்றின் நகல்களும் சேர்ந்திருக்கட்டும். ஸ்கேன் அறிக்கை அந்தக் கட்டில் கடைசித் தாளாக இருந்தால் போதும்.